விளிம்பொளி ஒன்றா, இரண்டா? ரோபோ ஓவியத்துக்கான கலைச்சொல் விவாதம்

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

பொருளின் ஓரத்தில் தெரியும் ஒளிக்கு நம் ஓவியக் கலைச்சொல் தொகுப்பில் 'விளிம்பொளி' என்ற சொல்லை இத்துடன் உறுதி செய்துவிடலாம் என்று தேவிபட்டினத்து அன்பர் எழுதியிருக்கிறார். அது காதுக்கு இனிய சொல், எழுதவும் எளிது, கேட்டவுடன் பொருளும் விளங்குகிறது. ஆனால் ரோபோ வரையக் கற்பிக்கும்போது அந்த ஒரே சொல் இரண்டு வேறுபட்ட ஒளிகளைச் சுமக்க நேர்கிறது என்பதையும், அதனால் பிள்ளைகளின் படத்தில் திரட்சி, அதாவது உருவம் புடைத்து நிற்கும் தோற்றம், குலைந்துபோகிறது என்பதையும் பாம்பனில் நான் நடத்திவரும் வார இறுதி ஓவிய வகுப்பில் தொடர்ந்து பார்த்துவருகிறேன். தொகுப்பு இறுதி வடிவம் பெறும் முன்பே இதற்கு இரண்டு சொற்கள் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

முதல் ஒளியைக் காண மண்டபம் கரையே போதும். காலையில் அங்கு நின்று கிழக்கே பாம்பன் பக்கம் நோக்கினால், 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலத்தின் தூக்குக் கோபுரங்கள் சூரியன் இருக்கும் திசையில் நிற்கும். கப்பல் வரும்போது 72.5 மீட்டர் நீளமுள்ள தூக்குப் பகுதியை 17 மீட்டர் உயரம் வரை செங்குத்தாக ஏற்றும் அந்தக் கோபுரங்களின் நம்மை நோக்கிய முகம் முழுவதும் இருண்டிருக்க, அவற்றின் வெளி எல்லையான புறக்கோட்டை ஒட்டி மட்டும் மெல்லிய ஒளி ஓடுவதைக் காணலாம். ஒளி பொருளுக்குப் பின்னாலிருந்து வருகிறது. பொருளின் பரப்பு நம் பார்வையிலிருந்து விலகித் திரும்பும் இடத்தில் அது மிகச் சாய்வாகப் பட்டு நம் கண்ணுக்கு வந்து சேர்கிறது. சாய்வாக விழும் ஒளியை எந்தப் பரப்பும் மிகுதியாகத் திருப்பி அனுப்பும் என்பது அகஸ்டின் ஃபிரெனெல் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்துக் கொடுத்த சமன்பாடுகளால் நமக்குத் தெரிந்த உண்மை. நேராகப் படும் ஒளியில் நூற்றில் நான்கு பங்கை மட்டுமே திருப்பி அனுப்பும் கண்ணாடி, ஒளி பரப்பை உரசிக்கொண்டு வரும்போது ஏறக்குறைய முழுவதையும் திருப்பிவிடுகிறது. குந்துகால் துறையில் நின்று காலடியில் பார்த்தால் தண்ணீருக்குள் தரை தெரிவதும், அதே கடலைத் தொலைவில் பார்த்தால் வானம் மட்டுமே தெரிவதும் இதே காரணத்தால்தான். மங்கலான வண்ணம் பூசிய இரும்புகூடப் பின்னொளியில் ஓரத்தில் பளிச்சிடுவதன் விளக்கமும் இதுவே.

இரண்டாவது ஒளி முற்றிலும் வேறு. சூரியனை நமக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஓர் இரும்புப் பெட்டியை அருகில் பார்ப்போம். மேல்முகமும் பக்கமுகமும் சந்திக்கும் இடத்தில் இரண்டையும்விட வெளிச்சமான ஒரு கோடு தெரியும். கணக்குப் புத்தகத்தில் இரண்டு தளங்கள் சந்திக்கும் இடம் அகலமே இல்லாத கோடு. செய்த பொருளில் அப்படி ஒரு விளிம்பு கிடையாது. எவ்வளவு கூராக வெட்டினாலும் அங்கே ஒரு குறுகிய மழுங்கல் இருக்கும். அந்த மழுங்கல் மேல்முகத்தையும் நோக்காமல் பக்கமுகத்தையும் நோக்காமல் இடைப்பட்ட திசையை நோக்குவதால், சூரியனுக்கும் நம் கண்ணுக்கும் நடுவிலுள்ள திசை அதற்கு வாய்த்தால் கோடு மின்னுகிறது. வாய்க்காவிட்டால் மங்கிக் கிடக்கிறது. ஆகவே இது பின்னொளி இல்லாமலும் தோன்றும், உருவத்தின் நட்டநடுவிலும் தோன்றும், நாம் ஓரடி நகர்ந்தால் மறைந்தும்போகும்.

இவ்விரண்டையும் 'விளிம்பொளி' என்றே சொல்லிக் கொடுத்தால் என்ன நேர்கிறது என்பதற்கு என் மாணவி ஒருத்தியின் படத்தை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். மீன் இறங்குதளத்தில் ஐஸ் பெட்டி சுமக்கும் ரோபோ ஒன்றை அவள் வரைந்திருந்தாள். பெட்டி வடிவ மார்பு, உருளை வடிவக் கைகள், அரைக்கோளத் தலை என அடிப்படைத் திரட்சிகளைச் சரியாகக் கட்டியிருந்தாள். இடது மேல்மூலையில் சூரியன் இருப்பதாகக் குறித்து, வலப்பக்கம் தரையில் வீழ்நிழலும் போட்டிருந்தாள். பிறகு வெள்ளை ஜெல் பேனாவை எடுத்து, தலை, தோள், கை, கால், ஐஸ் பெட்டி ஆகிய எல்லாவற்றின் எல்லா விளிம்புகளிலும், நிழல் பக்கம் உட்பட, ஒரே தடிமனில் ஒரே வெளிச்சத்தில் கோடு இழுத்துவிட்டாள். அதுவரை புடைத்து நின்ற உருவம் வெட்டி ஒட்டிய அட்டையைப் போல் தட்டையாகிவிட்டது. ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு, விளிம்பில் ஒளி வரும் என்று தானே படித்தோம் என்றாள். அவள் மீது பிழை இல்லை. சொல் விளிம்பைச் சொல்கிறது. ஒளி எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லவில்லை.

பின்னொளியால் வரும் ஓர ஒளிக்கு அகலம் உண்டு. அந்த அகலம் இடத்துக்கு இடம் மாறும். சட்டென்று வளைந்து திரும்பும் மெல்லிய குழாயில் அது மயிரிழையாக இருக்கும். மெதுவாகத் திரும்பும் பெரிய தோள்தட்டில் விரல் அகலத்துக்கு விரியும். தட்டையான பக்கமுகம் ஒளியை நோக்கித் திரும்பியிருந்தால் அந்த முகம் முழுவதுமே வெளிச்சமாகிவிடும். ஒளிக்கும் அந்த இடத்துக்கும் நடுவே இன்னோர் உறுப்பு குறுக்கிட்டால் அங்கே ஒளி அறுந்துபோகும். இந்த ஏற்ற இறக்கமும் அறுபடலும்தான் பார்ப்பவருக்கு உருவத்தின் வளைவைச் சொல்கின்றன. சீரான அகலத்தில் சுற்றிவர இழுத்த வெள்ளைக் கோடு எந்த வளைவையும் சொல்லாது. மழுங்கலில் மின்னும் ஒளிக்கு இந்த இலக்கணம் பொருந்தாது. அதன் அகலத்தை முடிவு செய்வது மழுங்கலின் அகலம்.

பெட்டி ஒன்றை அதன் மூன்று முகங்கள் தெரியும்படி முக்கால் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் அதன் 12 விளிம்புகளில் 9 தெரியும். அவற்றுள் 6 புறக்கோட்டில் இருக்கும். 3 உள்ளே, நமக்கு மிக அருகிலுள்ள மூலையில் வந்து கூடும். பின்னொளி புறக்கோட்டிலுள்ள ஆறில் சிலவற்றை மட்டுமே தொடும். உள்ளிருக்கும் மூன்றைத் தொடவே தொடாது. மழுங்கலின் ஒளியோ உள்ளிருக்கும் மூன்றில்தான் தன் முழு அழகையும் காட்டும். இதைப் பலகையில் வரைந்து காட்டியபோது பிள்ளைகளுக்கு உடனே விளங்கியது. ஆனால் பேசும்போது ஒவ்வொரு முறையும் 'பின்னாலிருந்து வரும் விளிம்பொளி', 'மழுங்கிய விளிம்பில் வரும் விளிம்பொளி' என்று நீட்டி முழக்க வேண்டியிருக்கிறது.

ரோபோவின் அமைப்பைத் திட்டமிடுவதிலும் இந்த வேறுபாடு முதன்மையானது. கடலோரத்தில் வேலை செய்யும் எந்த இயந்திரத்துக்கும் உப்புக் காற்றுதான் முதல் பகை. கூரான விளிம்பில் வண்ணப் பூச்சு ஒட்டி நிற்காமல் மெலிந்துவிடும். துரு அங்கேதான் தொடங்கும். எனவே நன்றாகச் செய்யப்பட்ட இரும்புக் கட்டுமானத்தில் பூச்சுக்கு முன்பே விளிம்புகளைத் தேய்த்து உருட்டிவிடுவார்கள். நம் கரையில் நிற்கப்போகும் ரோபோவுக்கு மழுங்கிய விளிம்பு வரைவது ஓவியரின் விருப்பம் அன்று, பொருளின் தேவை. அந்த மழுங்கலை எவ்வளவு அகலமாக வைப்பது என்று வரைபவர் முடிவு செய்யும்போதே அதில் எவ்வளவு அகலமாக ஒளி விழும் என்பதும் முடிவாகிவிடுகிறது. பூச்சு தேய்ந்து உலோகம் வெளித்தெரியும் விளிம்பாக இருந்தால் ஒளியின் நிறமும் மாறும்: வண்ணப் பூச்சின் மேல் மினுக்கம் ஒளியின் நிறத்திலேயே இருக்கும், செம்பு, பித்தளை போன்ற நிறமுள்ள உலோகத்தில் மினுக்கம் அந்த உலோகத்தின் நிறத்தை ஏற்கும்.

இடையில் ஒன்று. ரோபோ என்றால் மனித உருவம் என்ற எண்ணத்தையும் பிள்ளைகளிடமிருந்து மெல்ல அகற்ற வேண்டும். நம் மாவட்டத்திலேயே கமுதியில் 2016இல் அமைந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தில் பலகைகளைத் துடைக்கும் ரோபோக்களுக்குத் தலையும் இல்லை, கையும் இல்லை. 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தின் ஷெர்சர் வகைத் தூக்குப் பகுதி இரண்டு இறக்கைகளாகப் பிரிந்து, வளைந்த அடியில் உருண்டு மேலெழுந்துவந்தது. புதிய பாலத்தின் தூக்குப் பகுதி கோபுரங்களுக்கு நடுவே நேராக ஏறும். உருண்டு திறப்பது ஒரு மூட்டு, வழுக்கி ஏறுவது இன்னொரு மூட்டு. இந்த இரண்டையும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் முழங்கையில் வெறும் வட்டம் போட்டு நிறுத்திவிடக் கூடாது என்பது என் ஆசை.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். பின்னொளியால் புறக்கோட்டில் வருவதற்குக் 'கங்கொளி' என்ற சொல்லை முன்வைக்கிறேன். 'கங்குகரை இல்லாத' என்று நாம் சொல்லும்போது கங்கு என்பது எல்லையைக் குறிக்கிறது. அடுப்பில் கனியும் தணலுக்கும் கங்கு என்றே பெயர். எல்லை என்ற பொருளும் கனலும் ஒளி என்ற பொருளும் ஒரே ஒலியில் அமைந்திருப்பது நல்வாய்ப்பு என்று கருதுகிறேன். மழுங்கிய விளிம்பில் மின்னுவதற்குக் 'கீற்றொளி'. ஒளிக்கீற்று என்பது ஏற்கெனவே வழக்கில் உள்ளது. மெல்லிய, நீண்ட, நேரான ஒளிக்கு அது பொருந்துகிறது. 'புறநிழல்', 'கருநிழல்' ஆகியவை கிரகணப் பாடத்தில் வேரூன்றிவிட்டதால் புற-, கரு- என்ற முன்னொட்டுகளை இங்கே கொண்டுவர வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். 'புறவொளி' என்ற முன்மொழிவை நான் ஏற்காததற்கு அதுவே காரணம்.

பட்டறைத் தொழிலில் நெடுங்காலம் இருக்கும் கீழக்கரைக் காக்கா (அண்ணன்) அவர்கள் இதில் தம் கருத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். விளிம்பை மழுக்கும் வேலையைக் கையால் செய்பவர் அவர்.

அன்புடன்,
பாம்பன் ஓவிய வகுப்பிலிருந்து

*

அன்புத் தங்கைக்கும் குழுமத்தாருக்கும் வணக்கம்.

தங்கை எழுதியதை இரண்டு முறை படித்தேன். இரண்டு சொற்கள் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. எந்தச் சொற்கள் என்பதில்தான் பேச வேண்டியது இருக்கிறது.

விளிம்பை மழுக்குவதை லேத் பட்டறையில் 'சேம்பர் போடுவது' என்று சொல்கிறோம். கடைசல் முடிந்த துண்டைக் கழற்றும் முன் 45 பாகைச் சாய்வில் விளிம்பை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு எடுத்துவிடுவோம். அழகுக்காக அன்று: எடுக்காவிட்டால் கையை அறுக்கும், தட்டுப்பட்டால் விளிம்பு சிதறும், தண்டு பேரிங்குக்குள் நுழையாமல் முரண்டு பிடிக்கும். தண்டின் நுனியில் சேம்பர் இருந்தால்தான் அது துளையைத் தேடி வழுக்கி உள்ளே போகும். எனவே ரோபோவின் மூட்டில் தண்டு வெளித்தெரிந்தால், அதன் நுனியில் மெல்லிய வளையமாக ஒரு சாய்வும் அதில் ஓரிடத்தில் ஒளியும் இருக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். வளையம் முழுவதும் மின்னாது. ஒளிக்கு வாய்த்த பக்கம் மட்டும் பிறைபோல் மின்னும்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது உள்மூலையைப் பற்றி. வெளிவிளிம்பில் பொருளை எடுக்கிறோம். உள்மூலையில் பொருளை விட்டுவைக்கிறோம். ஒரு தண்டு தடித்த பகுதியிலிருந்து மெல்லிய பகுதிக்கு இறங்கும் இடத்தில் நேர்க்கோணமாக வெட்டினால், சுமை முழுவதும் அந்த மூலையில் குவிந்து விரிசல் அங்கிருந்தே புறப்படும். அதனால் அங்கே 'ரேடியஸ்' விடுவோம். அதாவது மூலையை வளைவாக்குவோம். வெளிவிளிம்பும் வளைவுதான், உள்மூலையும் வளைவுதான் என்றாலும் ஒளி இரண்டிலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. உள்மூலை குழிந்திருப்பதால் வெளிச்சம் அங்கே எளிதில் போய்ச் சேராது. முழுதாகப் பளபளப்பேற்றிய துண்டாக இருந்தால் மட்டும் அங்கேயும் ஒரு மினுக்கம் படுக்கும், மற்றபடி இருள் படிப்படியாக அடரும். பிள்ளைகள் வரைந்த ரோபோக்களை என் பேரன் காட்டியிருக்கிறான். கழுத்து உடலோடு சேரும் இடம், கை தோளோடு சேரும் இடம் ஆகிய எல்லா உள்மூலைகளிலும் வெள்ளைக் கோடு இருந்தது. தங்கை சொன்ன இரண்டு ஒளிகளில் எதுவுமே அங்கே வர வழியில்லை. இதற்கும் ஒரு சொல் தேவைப்படும்.

'கீற்றொளி' எனக்குப் பிடித்திருக்கிறது. மேலே சொன்ன தண்டு நுனியில் ஒளி நேராக இல்லாமல் பிறையாக வளைந்திருக்குமே, அதையும் கீற்று எனலாமா என்று மட்டும் யோசித்தேன். பிறைக்கீற்று என்று சொல்கிறோம் அல்லவா, எனவே தடையில்லை. 'நேரான' என்ற அடைமொழியை மட்டும் விளக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

'கங்கொளி'யைத்தான் ஏற்க முடியவில்லை. கங்கு என்றால் எல்லை என்பது 'கங்குகரை' என்ற ஒரு தொடரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தனியாகச் சொன்னால் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அடுப்புத் தணல் மட்டுமே நினைவுக்கு வரும். பொதுவான ஓவியமாக இருந்தால் அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ரோபோ ஓவியத்தில் பொறுக்க முடியாது. ஏனென்றால் ரோபோவுக்குத் தானே ஒளிரும் உறுப்புகள் உண்டு: கண்ணில் எல்இடி விளக்கு, மார்பில் காட்டித் திரை, சூடேறிய புகைக்குழாய். 'கங்கொளி போடு' என்றால் பிள்ளை அந்த உறுப்புகளைச் சிவப்பாகக் கனல விடும். தன்னிலிருந்து பிறக்கும் ஒளிக்கும், வெளியிலிருந்து வந்து ஓரத்தில் தங்கும் ஒளிக்கும் உள்ள வேறுபாடு அழிந்துவிடும். ஒரு குழப்பத்தைத் தீர்க்கப் போய் இன்னொன்றை நாமே உண்டாக்கியதாக முடியும்.

கங்குகரையில் கங்கை விட்டுவிட்டுக் கரையை எடுத்துக்கொள்ளலாமே? வேட்டியின் ஓரத்தில் ஓடுவது கரை. நிலம் முடிந்து கடல் தொடங்கும் இடமும் கரை. பொருள் முடிந்து பின்புலம் தொடங்கும் இடத்தில் ஓடும் ஒளிக்குக் 'கரையொளி' என்று பெயரிடலாம். வேட்டிக் கரை ஒரு விரல் அகலத்திலும் இருக்கும், நாலு விரல் அகலத்திலும் இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். தங்கை வற்புறுத்தும் அகல வேறுபாடு சொல்லிலேயே வந்துவிடுகிறது.

ஸலாமுடன்,
கீழக்கரையிலிருந்து

*

காக்கா அவர்களுக்கும் அன்பர்களுக்கும் வணக்கம்.

'கரையொளி' என்ற சொல்லை மனமார ஏற்கிறேன். தன்னொளி உறுப்புகளைப் பற்றிக் காக்கா சொன்னது முற்றிலும் சரியான தடை. ரோபோ வரைபவர்களுக்கு அந்த வேறுபாடு நாள்தோறும் தேவைப்படும். கண்ணிலிருக்கும் விளக்கு முகத்தின் பக்கத்துப் பரப்புகளில் தன் நிறத்தைப் பரப்பும். கரையொளி எதன் மேலும் எதையும் பரப்பாது. 'கங்கொளி' என்ற பெயர் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடும் என்பது உண்மை.

இதற்கு எழக்கூடிய இரண்டு தடைகளை நானே எடுத்துப் பேசிவிடுகிறேன். கரை, கறை ஆகியவற்றின் ஒலி வேறுபாடு பேச்சில் மங்கிவருவதால் 'கறையொளி' என்று கேட்டு எழுதிவிடுவார்கள் என்று சிலர் அஞ்சலாம். ஓவிய வகுப்பில் அழுக்கைப் பற்றி ஒளியோடு சேர்த்துப் பேசும் இடம் அரிது. எழுத்தில் இடையின ரகரம் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். அடுத்தது, கடலுக்குப் போகிறவர்கள் இரவில் தொலைவிலிருந்து பார்க்கும் கரை வெளிச்சம் நினைவுக்கு வருமே என்பது. அது 'வெளிச்சம்' என்றே வழங்குகிறது. நாம் 'ஒளி' என்கிறோம். எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். அவர்களிடம் இந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். ஒருவருக்கும் ஐயம் எழவில்லை. ஒரு பையன் மட்டும், அப்படியானால் கரை எந்தப் பக்கம் என்று கேட்டான். ஒளி வரும் பக்கம் என்றேன். அவன் கேட்டது நல்ல கேள்வி, ஏனென்றால் ஒளி பின்னால் வலப்பக்கம் இருந்தால் வலப்புறக் கோட்டில் மட்டுமே கரை விழும். இருபுறமும் சம அளவில் விழ வேண்டுமானால் ஒளி நேர் பின்னால் இருக்க வேண்டும், அல்லது இரண்டு விளக்குகள் வேண்டும். அந்தக் கேள்வியை எழுப்பியதே இந்தச் சொல்லுக்குக் கிடைத்த சான்று என்று கருதுகிறேன்.

நண்பகலில் கரையொளி உண்டா என்று தொண்டி அன்பர் தனிமடலில் கேட்டிருந்தார். நம் கரை 9 பாகை வட அகலாங்கை ஒட்டி இருப்பதால் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் உச்சிக்கு நேர் மேலே வந்துவிடும். அப்போது தலையின் மேலும் தோளின் மேலும் ஒளி விழும். முகம் நிழலில் ஆழ்ந்துவிடும். வீழ்நிழல் காலடிக்குள் சுருங்கிவிடும். மேலே விழும் அந்த ஒளியைக் கரையொளி என்று சொல்வதற்கில்லை, அது நேரொளியே. ஆனால் தனுஷ்கோடி மணலிலோ வாலிநோக்கம் உப்பளத்திலோ நிற்கும் ரோபோவாக இருந்தால், வெண்தரையிலிருந்து எழும் எதிரொளி அதன் தாடையின் அடிப்பக்கத்தையும் மார்புத் தட்டின் கீழ்ப்பாதியையும் நன்றாகவே வெளுப்பாக்கும். அதையும் மாணவர்கள் கரையொளி என்று தவறாக எடுத்துக்கொள்ளக்கூடும். எதிரொளி நிழல் பக்கத்துக்குள் விழுவது. எவ்வளவு வலுவாக இருந்தாலும் நேரொளி பட்ட பரப்பைவிட அது மங்கலாகவே வைக்கப்பட வேண்டும். அதற்கு மேல் வெளுத்தால் நிழல் பக்கம், ஒளி பக்கம் என்ற பிரிவே போய்விடும். கரையொளிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை; படத்திலேயே மிக வெளிச்சமான இடமாக அது இருக்கலாம்.

விளிம்பு மழுங்கலுக்குத் தமிழ்ச்சொல் ஆக்க வேண்டும் என்று இருவர் எழுதியிருந்தார்கள். பட்டறையில் வேரூன்றிய 'சேம்பர்' அப்படியே இருக்கட்டும் என்பது என் முடிவு. வரைபவரும் செய்பவரும் ஒரே சொல்லால் பேசிக்கொள்ள முடிவது பெரிய வசதி. ஒரு மாணவர் தாம் வரைந்த ரோபோவைத் தகரத்தில் செய்து பார்க்கப் பட்டறைக்குப் போனால், அங்கே விளங்காத சொல்லை நாம் அவர் கையில் கொடுத்து அனுப்பியிருக்கக் கூடாது. ஒளிக்குத்தான் பட்டறையில் பெயர் இல்லை. அதற்கு மட்டும் நாம் பெயர் வைக்கிறோம்.

எனவே தொகுப்பில் பின்வருமாறு இருக்கலாம் என்று முன்மொழிகிறேன்.

கரையொளி: பொருளுக்குப் பின்னாலிருந்து வரும் ஒளி, பரப்பு பார்வையிலிருந்து விலகித் திரும்பும் புறக்கோட்டை ஒட்டித் தோற்றுவிக்கும் ஒளிப்பட்டை. பரப்பின் வளைவுக்கேற்ப அகலம் மாறும். வேறோர் உறுப்பு மறைக்கும் இடத்தில் அறுபடும்.

கீற்றொளி: இரு தளங்கள் சந்திக்கும் வெளிவிளிம்பின் சேம்பரிலோ உருட்டலிலோ தோன்றும் மெல்லிய மினுக்கம். உருவத்தின் உள்ளேயும் புறக்கோட்டிலும் தோன்றலாம். ஒளியும் கண்ணும் இருக்கும் நிலையைப் பொறுத்துத் தோன்றி மறையும்.

கீற்றொளி புறக்கோட்டிலும் தோன்றலாம் என்பதை விளக்கத்தில் வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன். பெட்டியின் வெளிப்புற ஆறு விளிம்புகளுக்கும் சேம்பர் உண்டு. அவற்றில் முன்னொளி பட்டு மின்னினால் அது இடத்தால் கரையில் இருந்தாலும் காரணத்தால் கீற்றே. இடத்தை வைத்துப் பெயரிட்டால் பழைய குழப்பம் திரும்பிவிடும். தேவிபட்டினத்து அன்பர் விரும்பிய 'விளிம்பொளி'யைத் தொகுப்பிலிருந்து முற்றிலும் நீக்க வேண்டியதில்லை. அந்தச் சொல்லைத் தேடி வருபவரை இவ்விரண்டு பதிவுகளுக்கும் வழிகாட்டும் குறிப்பாக அது அங்கேயே இருக்கலாம். ஐயா அவர்கள் இதற்கு இசைவு தெரிவித்தால் இரண்டு பதிவுகளையும் உறுதி செய்துவிடலாம்.

காக்கா எழுப்பிய உள்மூலையின் இருளுக்கு 'மூலையிருள்' என்ற சொல் பொருந்தும் என்று தோன்றுகிறது. ஆனால் இரண்டு உறுப்புகள் ஒட்டாமல் நெருங்கி நிற்கும் இடுக்கிலும், பெட்டி தரையைத் தொடும் அடிக்கோட்டிலும் அதே வகை இருள் உண்டு. அங்கே மூலை இல்லை. 'இடுக்கிருள்' என்றால் இவை மூன்றும் அடங்குமா, அல்லது தரையைத் தொடும் இடத்துக்குத் தனிச்சொல் வேண்டுமா என்பதைப் புதிய தலைப்பில் தொடங்குகிறேன். வண்ணம் பூசும்போது படகின் அடியில் குனிந்து வேலை செய்யும் அன்பர்கள் குழுமத்தில் இருக்கிறார்கள். அந்த இருளுக்கு அவர்களிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருந்தால் அதையே முதலில் எழுதுங்கள்.

அன்புடன்,
பாம்பன் ஓவிய வகுப்பிலிருந்து